ஒன்பது திருத்தங்கள்

“புதன்கிழமை. காலை 6.50, பஸ்ஸில். வட்டாரப் பக்கத்தில் ஒரு பதிவு. ஒன்பது பிழை; பட்டியல் அடுத்த பக்கத்தில். திருத்திப் போட்டேன்.”

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒன்பது பிழைகளும் எண் போட்டு வரிசையாக உள்ளன. அந்தப் பதிவு எதைப் பற்றியது என்று இரண்டு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாகக் குறிப்பேடு எழுதுகிறேன். இவ்வளவு மோசமாக ஒரு நாளைப் பதிந்ததில்லை. விட்டுப்போனதை இப்போது எழுதிவைக்கிறேன்.

எனக்கு வல்லம் வடகாலில் வேலை. கார்களுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை. நான் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். எந்தப் படிவம் எந்தத் தேதியிலிருந்து செல்லும், எது காலாவதியானது என்று பார்த்து, பழையதை உற்பத்தி லைனிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது என் பொறுப்பு. பழைய படிவம் ஒன்று இயந்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தால், தணிக்கைக்கு வருகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். பார்த்துப் பார்த்துத் திருத்துவது பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் நிற்பதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயருக்கு முன் கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். கிடைத்ததையெல்லாம் வாசிப்பேன், பழைய கெஜட் உட்பட. ஒரகடம் கூட்டுரோட்டில் சிக்னல் எந்தக் கிழமை எரிய ஆரம்பித்தது, கிருத்திகைக் கூட்டத்தில் வல்லக்கோட்டை வளைவில் எங்கள் பஸ் எத்தனை நிமிடம் நின்றது என்பதெல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கும். யாரும் கேட்டதில்லை.

இணையத்தில் எழுத்துப் பிழை திருத்துவதும் இந்தப் பழக்கத்தின் கிளைதான். கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு குரூப் உண்டு. பஸ் எங்கே வருகிறது, யார் இன்றைக்கு லீவு என்று எழுதுவதற்காகத் தொடங்கியது. யாராவது தப்பாக எழுதினால், ஒரு நட்சத்திரக் குறி போட்டுப் பக்கத்தில் சரியான சொல்லை மட்டும் எழுதுவேன். வேறு பேச்சு கிடையாது. வட்டாரச் செய்திகள் போடும் பக்கங்களிலும் அப்படியே. குறிப்பேட்டின் கடைசிப் பகுதியில் பஸ் குரூப்பில் யார் எந்தப் பிழையை அடிக்கடி செய்கிறார்கள் என்று தேதிவாரியாக எழுதிவந்தேன். பெயர் போடுவதில்லை, போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். நடையை வைத்துத் தூரத்திலிருந்தே ஆளைச் சொல்வது போல, நாலு வரி படித்தால் யார் எழுதியது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், ஒருமுறை மனிதவள அதிகாரியின் முன்னிலையிலேயே. பின்னால் வந்ததற்கு அதுவும் காரணம்.

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் பிரஸ் லைனின், அதாவது தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இயந்திரங்கள் நிற்கிற லைனின், லீடர் உட்காருவார். வல்லத்துக்காரர், இப்போது குடியிருப்பது வேறு ஊரில். அவருடைய நிலத்துக்குப் பக்கத்து நிலத்தில்தான் எங்கள் பிரஸ் கூடம் நிற்கிறது என்பார்.

“இன்னாக்கா, நேத்து எனுக்கு மூணு ஸ்டார் குடுத்துகீறே. ஓட்டலுக்கு மூணு ஸ்டார் குடுத்தாலே ரேட்ட ஏத்திருவான்.”

“தப்பா எழுதினா குடுப்பேன்.”

“பஸ் மணிமங்கலத்தாண்ட பஞ்சர்னு போட்டேன். அத்தினி பேரும் ஷேர் ஆட்டோ புடிச்சி ஓடறாங்க. நீ மட்டும் ரோட்ல நின்னுகினு எழுத்த திருத்திகினுகீறே. அன்னிக்கு லேட்டு யாரு? நீதான்.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது நிஜம்.

எல்லோரும் அப்படிச் சிரித்துவிட்டுப் போகவில்லை. சிலர் எழுதுவதை விட்டுக் குரல்செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரே ஒருத்திதான், நான் திருத்தினால் அந்தச் செய்தியை அழித்துவிட்டுச் சரியாகத் திரும்ப எழுதிப் போடுவாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பென்னலூரில் இன்னும் ஐந்து பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். பிரஸ் லைனில் டிரெய்னி. இரண்டு வருடம் முடியப் போகிறது, அந்த மாதக் கடைசியில் பர்மனென்ட் லிஸ்ட் வர இருந்தது. அதில் பெயர் இருந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். டிரெய்னிக்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

வட்டாரப் பக்கம் என்று நான் எழுதியிருப்பது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ளவர்கள் படிக்கிற ஒரு பக்கம். வாடகைக்கு அறை, தொலைந்த பர்ஸ், வேலைக்கு ஆள், சாலைப் பள்ளம் எல்லாம் அதில் வரும். பெயரைச் சொல்லாமல் எழுத விரும்புகிறவர்கள் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு அனுப்பினால் அவர்களே போடுவார்கள். அன்று காலை வந்ததும் அப்படிப்பட்டதுதான். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி என்று மட்டும் இருந்தது. பிரஸ்ஸின் வாய்க்குள் கை போனால் இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன்பக்கம் ஒரு ஒளித்திரை உண்டு, லைனில் அதைச் சென்சார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் எண்ணிக்கை வரவேண்டும் என்று அந்தச் சென்சாரைச் சாவி போட்டு அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். போன ஞாயிறு ஒருத்தரின் கையுறை நுனியை இயந்திரம் கடித்துவிட்டது. அடுத்த தடவை கையுறையோடு போகாது. இவ்வளவுதான் செய்தி. எட்டு வரி.

நான் படித்தேன். எட்டு வரியையும் படித்தேன். ஆனால் எண்ணிக்கொண்டே படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மணிமங்கலம் திருப்பத்துக்குள் ஒன்பதும் முடிந்துவிட்டது. ஒன்பது நட்சத்திரம், ஒன்பது சொல். என் பெயரில், என் படத்தோடு, பதிவுக்குக் கீழே போட்டேன். குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். பிறகு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி திறந்தபோதுதான் ‘நாலாம் நம்பர் பிரஸ்’ என்ற சொற்கள் கண்ணில் நின்றன. எங்கள் கூடத்திலும் நாலாம் நம்பர் பிரஸ் உண்டு. எங்கள் லைனிலும் ஞாயிறு ஓவர்டைம் உண்டு. என் முன் இருக்கையில் லீடர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சென்சார் சாவி அவர் இடுப்பு வளையத்தில் இருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததை எங்கும் எழுதியதில்லை.

பகல் பதினோரு மணிக்குள் பக்கத்தை நடத்துகிறவர்கள் பதிவை என் திருத்தங்களின்படி மாற்றிவிட்டார்கள். ‘நன்றி, சரிசெய்துவிட்டோம்’ என்று எனக்குத் தனியாக எழுதினார்கள். வேலை முடிந்துவிட்டதால் என் பின்னூட்டத்தையும் அவர்களே நீக்கிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு மாலையில்தான் தெரிந்தது. அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மனிதவள அதிகாரி நாற்பது வயதுக்குள் இருப்பார். குரலை உயர்த்த மாட்டார். மேசை மேல் அந்தப் பதிவை அச்செடுத்து வைத்திருந்தார்.

“உக்காருங்க மேடம். இதை எங்களுக்குக் காட்டினதே நீங்கதான், தெரியுமா?”

“நானா?”

“நீங்க கமெண்ட் போட்டதும் உங்க ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் காட்டுது. நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் உங்க ஃபிரெண்ட்ஸ். எனக்கும் வந்துச்சு. உள்ள போய்ப் பாத்தா கமெண்ட் இல்ல. ஏன் அழிச்சீங்க?”

“நான் அழிக்கல சார்.”

“சரி, நீங்க அழிக்கல. இதைப் படிங்க.” தாளை என் பக்கம் தள்ளினார். “ஒரு தப்பு இருக்கா?”

இல்லை. ஒரு புள்ளி கூட இடம் மாறவில்லை.

“இந்தக் கம்பெனில எழுநூறு பேர். கமா, ஃபுல்ஸ்டாப் வெச்சு இப்படித் தமிழ் எழுதறவங்க எத்தனை பேர் மேடம்? எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும்.”

நான் எழுதவில்லை, பிழைகளை மட்டும் திருத்தினேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று முகத்திலிருந்து தெரியவில்லை.

“நம்புறேன். அப்படின்னா முதல்ல இருந்த தப்பெல்லாம் உங்களுக்குத் தெரியும். யார் என்ன தப்பு பண்ணுவாங்கன்னு நோட்டே வெச்சிருக்கீங்க, நீங்களே என்கிட்ட சொன்னீங்க. சனிக்கிழமைக்குள்ள எழுத்துல ஒரு விளக்கம் குடுங்க. எழுதினது நீங்களா, இல்ல யாரு. அவ்வளவுதான்.”

கையுறையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அப்போது நானும் கேட்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் ஏறியதும் பதிவைத் திறந்தேன். மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் பதிவு எந்த நேரத்தில் எப்படி மாற்றப்பட்டது என்ற வரலாறு வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிழையோடு இருந்த முதல் வடிவம் அப்படியே அங்கே இருந்தது. அதை மனிதவள அதிகாரியிடம் காட்டினால் நான் விடுபடுவேன். ஒரு விரல் தொடுகை. ஆனால் அந்த எட்டு வரிகளைப் பஸ் குரூப்போடு வைத்துப் பார்த்தால் எழுதியவர் மாட்டுவார்.

குறிப்பேட்டை மடியில் வைத்து ஒப்பிட்டேன். ஒற்று விடும் இடங்கள், சேர்க்கக் கூடாத இரண்டு சொற்களைச் சேர்ப்பது, வாக்கியம் முடிந்த இடத்தில் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளி. கடைசி இரண்டு இலக்கம் 46. அந்தத் திருநெல்வேலிப் பெண். ஒன்பதில் ஏழு ஒத்துப்போனது. அவள் நாலு இருக்கை முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பின்னலில் கனகாம்பரம். அந்த ஞாயிறு நாலாம் பிரஸ்ஸில் நின்றது யார் என்று ஓவர்டைம் தாளிலிருந்து எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு பேர். அவளும் இன்னொருத்தியும்.

வியாழக்கிழமை காலை லீடர் தூங்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, கையை இருக்கையின் முதுகில் போட்டுக்கொண்டார்.

“யாரு எழுதுனதுன்னு உனுக்குத் தெரியும்க்கா.”

“தெரியாது.”

“சும்மா சொல்லாதக்கா. என் போன்ல என் பொண்டாட்டி போட்ட மெசேஜையே இது உன் பொண்டாட்டி எழுதுனதுனு கண்டுபுடிச்ச ஆளு நீ.” சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். “சாவி என்னாண்ட கீது. மேலருந்து திருப்புன்னா திருப்பறேன், நானா திருப்பறேன்? நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு தலை? சொல்லு.”

“அப்ப திருப்பாதீங்க.”

“அட போக்கா. சொல்றது ஈசி. ரெண்டு புள்ளைங்க படிச்சிகினுகீதுங்க.”

அவர் பயப்படுவது எழுதியவரைப் பற்றியா, சாவியைப் பற்றியா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைய குறிப்பில் அதை மட்டும் எழுதினேன், கேள்விக்குறியோடு.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பெண் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் அறைத்தோழிகளோடுதான் உட்காருவாள்.

“அக்கா, நீங்கதான் எழுதுனியன்னு சொல்லுதாவ. நெசமாக்கா?”

“இல்ல. நான் திருத்தினேன்.”

“ஒங்கள என்ன செய்வாவ?”

“தெரியல. விளக்கம் கேட்டிருக்காங்க.”

சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. “எழுதினவங்களக் கண்டுபிடிச்சா?”

“டிரெய்னியா இருந்தா பாஸை வாங்கிட்டு அனுப்பிடுவாங்க.”

“லிஸ்ட்டு இருபத்தெட்டாந் தேதி போடுதாவளாம். எங்க அம்மை தெனமும் போன் போட்டுக் கேக்கா, பேரு வந்துட்டான்னு.” கையைக் கழுவ எழுந்தவள் நின்றாள். “நீங்க ஏங்க்கா அதத் திருத்தணும்? திருத்தாம உட்டிருந்தா யாரு பாத்திருப்பா?”

அவள் கேட்டது எழுதினவளின் கேள்வியா, லைனில் நிற்கிற யாரும் கேட்டிருக்கக் கூடிய கேள்வியா என்று அன்று முழுக்க உருட்டிப் பார்த்தேன். ‘நீ எழுதினாயா’ என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால், சனிக்கிழமை தெரியாது என்று எழுத முடியாது. பொய்யை எழுத்தில் போட்டுக் கையெழுத்திட எனக்கு வராது. என்னை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை மனிதவள அதிகாரியே என் மேசைக்கு வந்தார்.

“ஒரு வழி இருக்கு மேடம். பாதுகாப்பு உறுதிமொழி வருஷா வருஷம் எடுக்கறோம் இல்ல? இந்தத் தடவை பிரஸ் லைன்ல எல்லாரும் கையால எழுதட்டும். நீங்க வாசிங்க, அவங்க கேட்டு எழுதட்டும். டிக்டேஷன். வாசகம் நான் தரேன். அப்புறம் தாளை நீங்களே உங்க நோட்டோட ஒத்துப்பாருங்க. உங்க பேரும் க்ளியர் ஆயிடும்.”

வாசகத்தைத் தந்தார். பத்து வரி. பாதிச் சொற்கள் அந்தப் பதிவிலிருந்து எடுத்தவை. சென்சார், கையுறை, ஞாயிறு, இயந்திரம். கெட்டிக்காரர்தான். இரண்டு வருடமாக நான் குரூப்பில் விளையாட்டாகச் செய்ததை அவர் வரிசையாக, ஒரு நடைமுறையாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் பயிற்சி அறையில் முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தார்கள். வேலை முடித்தவர்களும் தொடங்கப் போகிறவர்களும். எண்ணெய் வாசனை. ஆளுக்கொரு தாள், ஒரு பேனா. லீடர் முதல் வரிசை. அந்தப் பெண் மூன்றாவது வரிசையில், சுவரோரம். மனிதவள அதிகாரி ஒரு போன் வந்து வெளியே போனார். பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்.

வாசகத்தைக் கையில் எடுத்தேன். வாயைத் திறந்தேன். முதல் சொல்லைப் படித்தால் முப்பத்திரண்டு பேனாவும் நகரும், பிறகு நிறுத்த முடியாது. நான் தாளைக் கீழே வைத்துவிட்டு மார்க்கரை எடுத்தேன். பலகையில் பத்து வரியையும் எழுதினேன். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி, பெரிய எழுத்தில்.

“இன்னாக்கா, டிக்டேஷன்னாங்க?” லீடர் கேட்டார்.

“இது உறுதிமொழி. ஃபைல்ல போற ஆவணம். ஆளுக்கொரு மாதிரி இருந்தா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. பலகையைப் பாத்து எழுதுங்க. ஒரு புள்ளி மாறக் கூடாது.”

“பரீச்சைல பிட்டு அடிக்கச் சொல்ற டீச்சர இப்பத்தாம்மா பாக்கறேன்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரித்தார்கள். எழுத ஆரம்பித்தார்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சும்மா நிற்கப் பிடிக்காமல் வரிசைகளுக்கு இடையில் நடந்தேன். மூன்றாவது வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணின் தாளில், பலகையைப் பார்த்து எழுதியும், அதே பிழைகள். அதே இடத்தில் ஒற்று இல்லை. அதே இரண்டு சொல்லும் சேர்ந்தே இருந்தன. வாக்கியத்தின் முடிவில் இரண்டு புள்ளி. கண் பலகையில் இருந்தாலும் கை தன் பழக்கத்தைத்தான் எழுதியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.

குனிந்து, விரலை அந்த வரியின் மேல் வைத்தேன். “இங்க. திரும்பப் பலகையைப் பாரு.”

அவள் பார்த்தாள். அடித்தாள்.

“அடிக்காத. வேற தாள்ல எழுது.”

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவள் ஒருத்திக்கு மட்டும் தாள் மாற்றிக் கொடுத்தால் அதுவே கைகாட்டி விட்டதாகும் என்று. நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி, “எல்லார் தாளையும் பாக்கப் போறேன். தப்பு இருந்தா திரும்ப எழுதணும்,” என்றேன்.

“போச்சுடா,” என்றார் யாரோ. “ஷிப்ட்டு பஸ்ஸு போயிடும்க்கா.”

முதல் வரிசையிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு தாளாக, விரல் வைத்து, திரும்ப எழுதச் சொன்னேன். கதவு எந்த நொடியும் திறக்கலாம். லீடரின் தாளை எடுத்தேன். மூன்றாவது வரி, ஒற்று இல்லை. ஐந்தாவது வரி, அதே இரண்டு சொல்லும் சேர்ந்திருந்தன. ஏழாவது வரியின் முடிவில் இரண்டு புள்ளி. அவரைப் பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். குரூப்பில் அவர் எப்போதும் ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை. ஒரு வரியில் இதெல்லாம் தெரிய வழியில்லை. கடைசி வரிசையில் இன்னொரு தாளும் அப்படியே இருந்தது. அது குரூப்பில் குரல்செய்தி மட்டுமே அனுப்புகிற ஒருவருடையது. நான் திருத்தியதால் எழுதுவதை நிறுத்தியவர்களில் ஒருவர்.

மூன்று தாள்கள். நாலு வரியில் ஆளைச் சொல்வேன் என்று சொல்லித் திரிந்தவள் அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்றையும் கிழித்துப் பையில் போட்டேன். புதிய தாள் கொடுத்தேன்.

மனிதவள அதிகாரி வந்தபோது இருபத்தொன்பது தாள்கள் என் கையில் இருந்தன. பலகையைப் பார்த்தார். பிறகு தாள்களை வாங்கிப் புரட்டினார்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

“உறுதிமொழின்னா அப்படித்தானே சார் இருக்கணும்?”

“நான் என்ன சொன்னேன் மேடம்?”

“பேர் க்ளியர் ஆகும்னு சொன்னீங்க.”

அவர் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு உங்க விளக்கம்,” என்று மட்டும் சொன்னார். கடைசி மூன்று பேர் எழுதி முடித்துத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றிலும் பிழை இல்லை.

சனிக்கிழமை கொடுத்த விளக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளது இது: அந்தப் பதிவை நான் எழுதவில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. பதிவில் சொல்லப்பட்டிருப்பதைச் சரிபார்க்க, நான்காம் பிரஸ்ஸின் சென்சார் சாவியை யார் எப்போது எடுத்தார் என்று கையெழுத்திட வேண்டிய பதிவேட்டைப் பார்க்கலாம். அந்தப் பதிவேட்டில் கடந்த ஞாயிற்றுக்கிழமைகளின் கட்டங்கள் எல்லாம் காலியாக உள்ளன. ஆவணப் பிரிவின் பொறுப்பில் இருந்தும் இதை நான் முன்பே தெரிவிக்காதது என் தவறு.

கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எழுநூறு பேரின் படிவங்களில் தேதி சரிபார்க்கிற நான், அந்தக் காலிக் கட்டங்களை மாதா மாதம் பார்த்து, ‘சரி’ என்று சுருக்கொப்பமிட்டிருந்தேன். கட்டம் காலியாக இருந்தால் அதில் எழுத்துப் பிழை இல்லையே.

திங்கட்கிழமை சாவி லீடரின் இடுப்பிலிருந்து போய்விட்டது. பராமரிப்புப் பிரிவின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பூட்டு போட்டு. “நிம்மதிக்கா,” என்றார் பஸ்ஸில், திரும்பாமல். அவ்வளவுதான். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் இரண்டு பிழை. திருத்தாமல் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி லிஸ்ட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியது நான்தான். உறையைப் பிரித்து முதலில் பார்த்தவளும் நான்தான். மூன்று தடவை பார்த்தேன். பெயர்கள் அகர வரிசையில் இருந்தன, விடுபட்டால் உடனே தெரியும். அவள் பெயர் இல்லை. பிரஸ் லைனிலிருந்து இன்னும் நான்கு பேரின் பெயரும் இல்லை. காரணம் எழுதும் பத்தி அந்தப் படிவத்தில் கிடையாது. அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்களில் நானும் ஒருத்தி.

கேட்டில் பாஸைக் கொடுத்துவிட்டு வந்தவளோடு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தேன். எல்லா வண்டிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அறைத்தோழி சொல்லியிருக்கிறாள், திங்கட்கிழமை போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றேன்.

“கேக்காதியக்கா.” பையைத் தோள் மாற்றினாள். “நான் ஆமான்னாலும் நோட்டுல எழுதுவிய, இல்லன்னாலும் எழுதுவிய.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

மனிதவள அதிகாரி அந்த மூன்று புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தாரா, அதனால்தான் அவள் பெயர் விடுபட்டதா, அல்லது அந்த ஐந்து பேரையும் முன்பே முடிவு செய்திருந்தார்களா என்று நான் விசாரித்தேன். யாரும் சொல்லவில்லை. பதிவை எழுதியவர் அவளா, லீடரா, கடைசி வரிசைக்காரரா, இவர்கள் யாருமே இல்லையா என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.